பன்னீர் திராட்சையும் அதன் ஒயினும்: கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

குமுளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம், நவம்பர் பிறந்துவிட்டால் ஒரே கேள்விதான் வரும். கோட்டயம், சங்கனாச்சேரி, காஞ்ஞிரப்பள்ளிப் பக்கத்து வண்டிகள் வந்து நிற்கும். "அண்ணே, வைன் இடான் நல்ல முந்திரிங்ங உண்டோ?" என்பார்கள். மதுரைப் பக்கமிருந்து முதல்முறை வந்தவர் அருகில் நின்றால் குழம்பிப் போவார். நமக்கு முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. சித்தப்பா தராசில் எடுத்து வைப்பது கம்பத்துப் பன்னீர் திராட்சை.

எங்களுக்குத் தேனி மாவட்டத்துக் கூடலூருக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. விடுமுறைக்கு வருகிற நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று வருஷத்துக்குப் பத்துப் பேராவது பந்தலைப் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பழத்தில் ஒயின் உண்டா, இருந்தால் எப்படி இருக்கும், எப்படிப் பார்த்து வாங்குவது? அவர்களுக்கு வாயால் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒயின் போடும் செய்முறை இதில் கிடையாது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது தமிழ்நாட்டிலும் குற்றம், கேரளத்திலும் குற்றம். கிறிஸ்துமஸுக்குப் பரணியில், அதாவது பீங்கான் ஜாடியில், போட்டு வைக்கும் வழக்கம் மலைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சட்டம் அதுதான். பழத்தை அறிவது, பந்தலைப் பார்ப்பது, கடையில் முறையாக வாங்கிய பாட்டிலைச் சரியாகச் சுவைப்பது, இவ்வளவுதான் இந்தக் கட்டுரை.

முதல் படி: எந்தப் பழம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் "கருப்பு திராட்சை" என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பழங்கள் விற்கின்றன. ஒன்று பன்னீர். இன்னொன்று பெங்களூர் புளூ. விதையில்லாத நீளக் கருப்பு மூன்றாவது வகை, அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். முதல் இரண்டும்தான் ஏமாற்றும். இரண்டுக்கும் விதை உண்டு, இரண்டும் உருண்டை, இரண்டும் கருநீலம்.

வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. பெங்களூர் புளூவைப் பிதுக்கினால் தோல் தனியாகக் கழன்று வரும், உள்ளே சதை வழவழவென்று ஒரே உருண்டையாக நழுவும். வாசம் நாம் சின்ன வயதில் சாப்பிட்ட திராட்சை மிட்டாயின் வாசம். பன்னீரைப் பிதுக்கினால் ரோஜா வரும். பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பார்களே, அந்தப் பன்னீரின் வாசம்தான்.

இதற்கு வேதியியல் காரணமும் இருக்கிறது. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால், நெரோல் என்ற வாசப்பொருள்கள் இந்தத் திராட்சையிலும் இருக்கின்றன. கூடவே லினலூல் என்று ஒன்று. நம் வீட்டுக் கொத்தமல்லி விதையை வறுக்காமல் லேசாக நசுக்கி முகர்ந்தால் வருகிற வாசத்தில் பெரும்பங்கு லினலூல்தான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தைக் கடித்தாலும் ஒயினைக் குடித்தாலும் தேட வேண்டியது இவற்றைத்தான்.

உலகத்தில் இந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். ஹாம்பர்க் ஜெர்மனி ஊராக இருந்தாலும், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் உருவான ரகம் இது. அதன் தாய் தந்தை யார் என்பது மரபணுச் சோதனையில் தெளிவாகிவிட்டது: ஒன்று, தெற்கு ஆல்ப்ஸ் பகுதியின் ஸ்கியாவா கிரோசா என்ற கருப்புத் திராட்சை. மற்றது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சை. கருப்பு ஒரு பக்கத்திலிருந்து, மணம் மறு பக்கத்திலிருந்து. இங்கே அதைக் கொண்டுவந்து வைத்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சீனாவிலும் இந்த ரகம் நிறைய விளைகிறது. அங்கே இதன் பெயர் மெய்குய் சியாங். ரோஜா மணம் என்று அர்த்தம். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர் விவசாயிகள் ஒரே பழத்தை முகர்ந்து ஒரே பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது படி: சரியான மாதத்தில் பந்தலுக்குப் போங்கள்

மற்ற ஊர்களில் பெரும்பாலும் திராட்சைக்கு வருஷத்தில் ஓர் அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். குளிர் கடுமையாக இல்லாததால் கொடி இங்கே தூங்குவதே இல்லை. கவாத்து செய்த, அதாவது கொடியின் கிளைகளை நறுக்கிவிட்ட, நாளில் இருந்து எண்ணினால் ஏறக்குறைய 110 முதல் 120 நாளில் வெட்டுக்கு வந்துவிடும். கொஞ்ச நாள் கொடிக்கு ஓய்வு விட்டு மறுபடி கவாத்து. இப்படி இரண்டு வருஷத்தில் ஐந்து வெட்டு பார்க்கிறவர்கள் உண்டு. இதற்குத் தண்ணீர் வேண்டும். 1895இல் பென்னி குயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து லோயர் கேம்ப் பக்கம் இறங்கி வருகிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் அவர் படம் மாட்டியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது உண்மையான நன்றி.

பழம் எப்போதும் இருக்கிறது என்பதால் எப்போதும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பழம் தண்ணீரைக் குடித்து வெடிக்கும், இனிப்பு கரையும், அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து மருந்தும் கூடுதலாக அடிப்பார்கள். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கத்து மழை சாரலாக இங்கும் வரும். மார்கழி, தையில் கவாத்து செய்து சித்திரையில் வெட்டுக்கு வருகிற பழம்தான் என் கணக்கில் முதல் தரம். வெயில் இருக்கும், மழை இருக்காது. பழத்தின் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனி கடைசியிலிருந்து வைகாசி தொடங்குவதற்குள் வாருங்கள்.

கேரளத்துக்காரர்கள் கிறிஸ்துமஸ் கணக்கில் நவம்பரில் வந்து வாங்குகிறார்கள். அது பழத்துக்குச் சாதகமான காலம் இல்லை என்பதைச் சித்தப்பாவே சொல்லித்தான் கொடுப்பார்.

குமுளியிலிருந்து மலையிறங்கி லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் என்று வந்தால் பந்தல்கள் தொடங்கிவிடும். சுருளிப்பட்டி சாலை, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி எல்லாம் திராட்சை ஊர்கள். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருளி அருவிக்குப் போகிற வழியில் பார்வையாளர்களை உள்ளே விடுகிற தோட்டங்கள் உண்டு. மற்ற தோட்டங்களில் கேட்காமல் நுழையாதீர்கள். "அண்ணே, உள்ள வந்து பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை போதும், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

உள்ளே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசியா மருந்து எப்ப அடிச்சீங்க?" என்பது. கூச்சப்படாதீர்கள். நல்ல விவசாயி தேதியைச் சொல்வார். என்ன சொன்னாலும் கழுவாமல் கொடியிலிருந்து நேரே வாயில் போடாதீர்கள். பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதில் இரண்டு வகை உண்டு. மெல்லிய பனி படிந்த மாதிரி பழம் முழுக்க ஒரே சீராக இருந்தால் அது பழத்தின் சொந்த மெழுகு, விரலால் தேய்த்தால் பளபளப்பு வரும். சொட்டுச் சொட்டாக வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தால் அது மருந்து.

மூன்றாவது படி: பழுத்ததா, நிறம் மட்டும் வந்ததா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் தேனிப் பக்கம் வாழையும் உண்டு. வாழையைக் காயாக வெட்டி வைத்தாலும் பழுக்கும். மாங்காயும் அப்படியே. திராட்சை அப்படி இல்லை. கொடியிலிருந்து வெட்டிய நிமிஷத்தோடு அது பழுப்பது நின்றுவிடும். புளிப்பாக வெட்டியது புளிப்பாகவே இருக்கும். வாடும், சுருங்கும், ஒருபோதும் இனிக்காது.

பன்னீருக்குக் கருப்பு நிறம் சீக்கிரம் வந்துவிடும். நிறம் திரும்பத் தொடங்கிய பிறகும் ஒரு மாதமாவது அது கொடியில் இருக்க வேண்டும். அந்த மாதத்தின் முதல் பாதியில் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. வாசம் கடைசியில்தான் வருகிறது. கடைசிப் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாள்தான் விவசாயிக்கும் வியாபாரிக்கும் சண்டை நடக்கும் நாள். பழம் முழுதாகப் பழுத்தால் கொத்திலிருந்து உதிரும், லாரியில் எர்ணாகுளம் போய்ச் சேருவதற்குள் பெட்டி நனைந்துவிடும். அதனால் கருத்ததும் வெட்டச் சொல்வார்கள். ஒரு சித்திரையில் எங்கள் பந்தலுக்கு விலை பேசிய வியாபாரி ஒருவர், சொன்ன தேதிக்கு எட்டு நாள் முன்பே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வெட்டாவிட்டால் எடுக்க மாட்டேன் என்றார். வெட்டினோம். எடை சரியாக வந்தது, பணமும் வந்தது. சாயங்காலம் மீந்த ஒரு கொத்தை என் மகள் வாயில் போட்டுவிட்டு, "இது நம்ம பழமாப்பா?" என்று கேட்டாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? என் அப்பா எந்தக் கருவியும் வைத்துக்கொண்டதில்லை. கொத்தின் நுனியில் இருக்கும் பழத்தை எடுப்பார், தோள்பக்கத்தில் இருப்பதை அல்ல. நுனிப் பழம்தான் கடைசியில் பழுக்கும், அது பழுத்திருந்தால் மற்றவை பழுத்தாயிற்று. அதை வாயில் போட்டுச் சாற்றை உறிஞ்சிவிட்டு, விதைகளை உள்ளங்கையில் துப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். விதை பச்சையாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கீழே உதறிவிட்டு நடப்பார். காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தால் ஒன்றைக் கடிப்பார். பட்டென்று உடைந்து, கசப்பு குறைந்து, வறுத்த வாசம் லேசாக வர வேண்டும். அப்புறம்தான் தோலை மெல்லுவார். மெதுவாக, வெற்றிலை மெல்லுவது போல. வாசம் பெரும்பாலும் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் இருக்கிறது. தோலைத் துப்பிவிடுகிறவர்களுக்குப் பன்னீர் தெரியவே தெரியாது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்: நுனிப் பழம், விதை, தோல். மூன்றே காரியம். கையில் சர்க்கரைமானி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் பிரிக்ஸ் அளவு, அதாவது சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய எத்தனை விழுக்காடு என்பது, தெரியும். லாரிக்காக முந்தி வெட்டிய பழத்துக்கும் சித்திரை வெயிலில் விட்டுவைத்த பழத்துக்கும் இடையே அதில் தெரியும் வித்தியாசம் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஆனால் மானி சர்க்கரையைச் சொல்லும், வாசத்தைச் சொல்லாது.

ஒரு வழி சொல்கிறேன். பழக்கமான தோட்டக்காரர் இருந்தால், வெட்டுக்கு வருகிற பந்தலில் ஒரே ஒரு கொத்தைப் பத்து நாள் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அடையாளத்துக்குத் துணி கட்டிவிடுங்கள், பறவைக்குக் காகித உறை போடுங்கள். வெட்டு நாளன்று ஒரு கொத்தைச் சாப்பிடுங்கள், பத்து நாள் கழித்து இந்தக் கொத்தைச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு ஒயினைப் பற்றி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

நான்காவது படி: தொட்டியில் என்ன நடக்கிறது

உரிமம் பெற்ற ஆலைக்குள் இந்தப் பழம் என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான், பாட்டிலில் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. மனக்கணக்குக்கு ஒரு வழி: பிரிக்ஸ் எண்ணை 0.55ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய ஆல்கஹால் விழுக்காடு. நம் பன்னீரைப் போல 17 பிரிக்ஸ் பழம் என்றால் சுமார் 9. நாசிக் பக்கம் சிவப்பு ஒயினுக்கென்றே வளர்க்கும் ரகங்களை 23, 24 வரை விட்டு வெட்டுவார்கள், அதில் 13ஐ ஒட்டி வரும். ஆக, கம்பத்துப் பன்னீரில் தன்னால் வருகிற ஒயின் இலகுவானது. அதைக் கனமான சிவப்பு ஒயினாக மாற்றப் பாடுபடுவது பழத்துக்கு எதிராக நடப்பது என்பது என் அபிப்பிராயம்.

நிறத்திலும் அதே கதை. கருப்புத் திராட்சையின் சதையில் நிறம் இல்லை, பிதுக்கிப் பார்த்தால் தெரியும். நிறம் தோலில் இருக்கிறது. பன்னீர்த் தோலில் அது நடுத்தரம்தான், சூடான ஊரில் இன்னும் குறையும். தோலோடு ஊறவிடும் நேரத்தைப் பொறுத்து மூன்று வகை ஒயின் கிடைக்கிறது. பிழிந்ததும் தோலை நீக்கிவிட்டால் ஏறக்குறைய வெள்ளை. ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் ரோஜா நிறம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மெல்லிய சிவப்பு, ஆனால் அதற்குள் விதையின் கசப்பும் இறங்கத் தொடங்கும். கருப்புத் திராட்சையில் வெள்ளை ஒயினா என்று கேட்காதீர்கள். சீனாவில் தியான்ஜின் நகரத்தில் 1980இல் பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டாகத் தொடங்கிய டைனஸ்டி ஆலை பெயர் வாங்கியது இந்தப் பழத்தில் செய்த வெள்ளை ஒயினால்தான்.

வாசத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. நொதிக்கும்போது தொட்டி சூடாகும், நுரைத்துக்கொண்டு வாயு வெளியேறும். அந்த வாயுவோடு ரோஜாவும் போய்விடும். அதனால் மணமுள்ள திராட்சையைக் குளிரூட்டிய தொட்டியில், 15 முதல் 18 டிகிரிக்குள், மெதுவாக நொதிக்க விடுவார்கள். எங்கள் ஊர் வெயிலில் மூடிய பாத்திரத்தில் போட்டதில் ஏன் திராட்சை வாசமே இல்லாமல் புளித்த வாசம் மட்டும் வருகிறது என்பதற்குப் பதில் இதுதான். மணப்பொருள்களில் ஒரு பகுதி சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு வாசமில்லாமல் இருக்கும், நொதித்தலின்போதும் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். பழத்தில் இல்லாத அளவுக்கு ஒயினில் சில நேரம் வாசம் தூக்கலாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்னொரு முறை, நொதித்தலைப் பாதியில் நிறுத்துவது. சர்க்கரை மீதி இருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும். இனிப்பும் வாசமும் அப்படியே தங்கும், ஆல்கஹால் 15 அல்லது அதற்கு மேல் போகும். கலிஃபோர்னியாவில் குவேடி என்ற ஆலை இதே ரகத்தில் எலிசியம் என்ற இனிப்பு ஒயினை 15 விழுக்காட்டில் செய்கிறது. கிரேக்கத்தில் டிர்னாவோஸ் என்ற ஊர் இந்தப் பழத்துக்குப் பேர்போனது. ரோஜா நிற ஒயினும் செய்கிறார்கள், பிழிந்த சக்கையைக் காய்ச்சி சிப்புரோ என்ற சாராயமும் இறக்குகிறார்கள். என்னைக் கேட்டால் பன்னீருக்குப் பொருந்துவது இரண்டுதான்: இலகுவான ரோஜா நிற ஒயின், அல்லது இந்தச் செறிவான இனிப்பு ஒயின்.

ஐந்தாவது படி: பாட்டில் வாங்கும்போது

தமிழ்நாட்டில் டாஸ்மாக், கேரளத்தில் பெவ்கோ. வாங்குவதற்குத் தமிழ்நாட்டில் வயது 21 ஆகியிருக்க வேண்டும், கேரளத்தில் 23. ஒரு பக்கம் வாங்கிய பாட்டிலோடு குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டாதீர்கள், விதிகள் வேறு வேறு. அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டப் போகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே சபரிமலை வண்டிகள் வருகிற பாதை அது.

லேபிளில் ரகத்தின் பெயரைத் தேடுங்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்றோ பிளாக் மஸ்கட் என்றோ இருக்கலாம். பிரெஞ்சு பாட்டிலில் மஸ்கா த ஆம்பூர், இத்தாலியில் மோஸ்காதோ தி அம்பூர்கோ. வெறும் மஸ்கட், மோஸ்காதோ என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இதன் வெள்ளை உறவினர்கள். ரகமே குறிப்பிடாமல் 'போர்ட்' என்று மட்டும் இருக்கும் இனிப்பு ஒயின்களில் பெங்களூர் புளூ அதிகம் பயன்படுகிறது. அதுவும் ஒரு சுவைதான், பன்னீர் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

அடுத்து ஆல்கஹால் அளவு. 8 முதல் 14 வரை இருந்தால் பெரும்பாலும் சாதாரண ஒயின், இனிப்பு ஒயினில் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சாராயம் சேர்த்தது. பிறகு வருஷம். மணத்துக்காகக் குடிக்கிற ஒயினைப் பழசாக்கக் கூடாது, ரோஜாவை யாரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. ஒன்று, இரண்டு வருஷத்துக்குள் உள்ளதை எடுங்கள். சாராயம் சேர்த்தது மட்டும் இன்னும் சில வருஷம் தாங்கும். பின்பக்கத்தில் 220, 224 என்று எண்கள் இருந்தால் அது கந்தகப் பாதுகாப்புப் பொருள். பெரும்பாலான ஒயின்களில் இருப்பதுதான், ஆனால் இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

கடையில் வெயில் படுகிற அலமாரியில் நிற்கிற பாட்டிலைத் தொடாதீர்கள். ஒரு மே மாதம் மதுரையில் வாங்கிய பாட்டிலை வண்டியின் பின்சீட்டில் போட்டுவிட்டு, ஆண்டிபட்டியில் சாப்பிட இறங்கினேன். ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்க் கழுத்துக்கு மேலே தள்ளி நின்றது. உள்ளே இருந்தது கொதித்த திராட்சைச் சாறு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஈரத்துணி சுற்றிய பைதான்.

ஆறாவது படி: ஊற்றி, முகர்ந்து, அப்புறம் குடியுங்கள்

எங்கள் ஊரில் அறை வெப்பம் 32, 33 இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வையுங்கள். எடுத்துக் கால் மணி நேரம் வெளியே விடுங்கள், அதிகம் சில்லிட்டாலும் வாசம் உறங்கிவிடும். 8 முதல் 12 டிகிரி சரி. டம்ளர் வேண்டாம். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீதி இடம் வாசத்துக்கு.

பக்கத்தில் மூன்று பொருள் வையுங்கள்: கழுவிய பன்னீர் திராட்சை நாலைந்து, நசுக்கிய கொத்தமல்லி விதை கொஞ்சம், நாட்டு ரோஜா இதழ் இரண்டு. முதலில் அவற்றை ஒவ்வொன்றாக முகருங்கள். பிறகு கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி முகருங்கள். மூன்றும் அடுத்தடுத்து வரும். புதிதாகக் குடிக்கிறவர்கள் பலருக்கும் இந்த இடத்தில்தான் முகம் மாறுகிறது. என் மச்சான் அதுவரை ஒயின் என்றாலே புளிப்பு என்று ஒதுக்கியவர், முதல்முறை இப்படி முகர்ந்த அன்று அரை மணி நேரம் குடிக்காமல் முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். வாசம் இனிப்பாக இருக்கும், நாக்கில் இனிப்பு இல்லாமல் போகலாம். சர்க்கரை முழுதும் நொதித்துவிட்ட ஒயினில் ரோஜா வாசம் அப்படியே இருக்கும், சுவை மட்டும் வறண்டிருக்கும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கெட்டது என்றால் வாசமே சொல்லிவிடும்: காடி வாசம், அல்லது ஈர அட்டைப்பெட்டி வாசம்.

சாப்பாட்டோடு என்றால், காரத்துக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கிற, சில்லென்ற ஒயின் ஒத்துப்போகும். மிளகு தூக்கலான கோழிச் சுக்கா, வைகை அணைக் கெண்டை வறுவல், இரண்டும் நான் பார்த்தவரை நன்றாக இருக்கின்றன. ஆல்கஹால் கூடக் கூட மிளகாய் எரிச்சல் கூடும், அதனால் 15 விழுக்காட்டு இனிப்பு ஒயினைக் காரத்தோடு வைக்காதீர்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சின்னக் கிளாஸில், பிளம் கேக்கோடு வையுங்கள். எலுமிச்சை பிழிந்த எதுவும் வேண்டாம், எங்கள் ஊர்ப் பன்னீரில் புளிப்பு ஏற்கனவே குறைவு, எலுமிச்சை அதைத் தட்டையாக்கிவிடும்.

குடிக்காத வீட்டார்களுக்கும் ஒரு கிளாஸ் உண்டு. நன்றாகக் கழுவிய பழத்தைக் காம்பு நீக்கி, தண்ணீர் சேர்க்காமல் சின்னத் தீயில் தோல் நிறம் விடும் வரை மட்டும் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். மத்தால் லேசாக மசித்து, துணியில் தொங்கவிட்டு வடியுங்கள். மிக்சியில் அரைத்தால் விதை உடைந்து கசந்துவிடும். சர்க்கரை போட வேண்டிய அவசியம் வந்தால், பழம் கொடியில் பத்து நாள் முந்தி வெட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் தானாக நுரைக்கத் தொடங்கும்.

பாட்டிலில் ஒயின் மீந்தால், அதைச் சின்னப் பாட்டிலுக்கு வாய்வரை மாற்றி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால்தான் வாசம் தங்கும். சாதாரண ஒயின் மூன்று நாள், சாராயம் சேர்த்தது இரண்டு மூன்று வாரம். மூன்றாவது நாள் திறந்து முதலில் முகர்ந்து பாருங்கள். ரோஜா இன்னும் இருந்தால் ஊற்றுங்கள், போயிருந்தால் கறிக்குழம்பில் ஊற்றிவிடுங்கள்.